ஆர்.சி. புக் இல்லாத வண்டி

இப்போது ராசிபுரம் கடைவீதியில் பத்து நிமிடம் நின்றால் போதும், நாலைந்து மின்சார ஸ்கூட்டர்களாவது சத்தமில்லாமல் நம்மைத் தாண்டிப் போகும். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று நம் பக்கத்து ஊர்களிலேயே தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே கோவையில் ஒரு கம்பெனி பேட்டரி சைக்கிள் செய்து விற்றது. அதன் பெயர் ஆம்பியர். அதைப் பற்றி எழுத நினைத்தபோது என் பழைய தவறு ஒன்றும் நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆம்பியரை 2008-இல் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை. கம்ப்யூட்டர் படித்து, சிங்கப்பூரில் தொழில் நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய கணவர் பாலா பச்சையப்பாவும் இன்ஜினியர். பெட்ரோல் வண்டி வாங்க வசதியில்லாமல் சைக்கிள் மிதிக்கிறவர்களே அவர்கள் குறிவைத்த வாடிக்கையாளர்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்த வேகமே தாராளம்.

தொடங்கிய காலம்தான் சரியில்லை. அதே 2008-இல்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டும் தலையெடுத்தது. 2012 வாக்கில் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. விசைத்தறிகள் ஊமையாகக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காரீய பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏற ஆறேழு மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் எங்கே இருந்தது?

நான் அப்போது வங்கிக் கிளை மேலாளர். 2011-இல் வெண்ணந்தூர்ப் பக்கத்து நெசவாளர் ஒருவர் வந்தார். சைக்கிளில் ஊர் ஊராகத் துணி கொண்டுபோய் விற்பவர். முட்டி தேய்ந்துவிட்டது, பேட்டரி சைக்கிள் வாங்கக் கடன் வேண்டும் என்றார். வண்டிக் கடன் என்றால் ஆர்.சி. புக்கில் வங்கியின் பெயரை ஏற்ற வேண்டும். பதிவே இல்லாத வண்டிக்கு ஆர்.சி. புக் ஏது? முடியாது என்றேன்.

"ஏனுங்க சார், எருமைக்குக் கடன் குடுக்கறீங்களே, அதுக்கு ஆர்.சி. புக்கு இருக்குதுங்களா?" என்றார்.

"எருமைக்குக் காதில் வில்லை இருக்குங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். கடைசியில் மனைவியின் தோட்டை அடகு வைத்து நகைக்கடன் வாங்கிப் போனார். ஏழைக்கு வசதியாக இருக்கட்டும் என்று தந்த பதிவு விலக்கே அவருக்குக் கடன் கிடைக்காமல் செய்துவிட்டது. அன்று நான் விதியைப் பார்த்தேன். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். எழுதவில்லை.

மத்திய அரசு 2010 நவம்பரில் இந்த வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. மெதுவாக ஓடும் வண்டிக்கு 4,000 ரூபாய் வரை, வேகமான வண்டிக்கு 5,000 வரை. விற்பனை சூடு பிடித்த நேரத்தில், 2012 மார்ச்சோடு அது நின்றது. நாடு முழுக்கப் பல டீலர்கள் கடையைப் பூட்டினார்கள். நெசவாளருக்கு வண்டி விற்ற கடையும் அப்படிப் போனதுதான். (அது ஆம்பியர் வண்டி அல்ல, வேறு கம்பெனி.) ஒன்றரை வருடத்தில் பேட்டரி படுத்துவிட்டது, மாற்றித் தர ஆள் இல்லை. மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். தோட்டை மட்டும் எப்படியோ மீட்டுவிட்டார்.

ஆம்பியர் அந்தப் பஞ்ச காலத்தைத் தாண்டியது. உதிரி பாகங்களை இங்கேயே செய்யப் பார்த்தது. உள்ளாட்சிகளுக்குக் குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் கொடுத்தது. 2015-இல் ரத்தன் டாடா அதில் முதலீடு செய்தார். 2018-இல் கிரீவ்ஸ் காட்டன் என்ற பழைய இன்ஜின் கம்பெனி அதன் பெரும்பங்கை வாங்கியது. 2021-இல் ராணிப்பேட்டையில் 35 ஏக்கரில் தொழிற்சாலை வந்தது. அடுத்த ஆண்டு சவூதியின் அப்துல் லத்தீஃப் ஜமீல் குழுமம் 15 கோடி டாலர் போட்டது.

பிறகு மறுபடியும் மானியத்தால் வந்த தொல்லை. உள்நாட்டுப் பாகங்கள் பற்றிய விதியை மீறியதாக 2023-இல் ஏழு கம்பெனிகள் மீது மத்திய அரசு நடவடிக்கை எடுத்தது. அவற்றில் கிரீவ்ஸின் மின்சார வண்டி நிறுவனமும் ஒன்று. 124 கோடி ரூபாயை அது திருப்பிக் கட்டியது. அதே ஆண்டு ஜூனில், வண்டி விலையில் 40 சதவீதம் வரை இருந்த மானிய உச்சவரம்பும் 15 சதவீதமாகக் குறைந்தது.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. 2019-இல் வந்த மானியத் திட்டத்தில் இரு சக்கர வண்டி குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். காரீய பேட்டரிக்கு மானியமே இல்லை. யாரை நினைத்து இந்தத் தொழில் தொடங்கியதோ, அந்த மெதுவான வண்டிக்காரர் பட்டியலிலிருந்தே போய்விட்டார்.

கம்பெனிக்கு அடி விழுந்தால் தாங்கிக்கொள்ளப் புது முதலாளி வந்தார். நெசவாளருக்கு இருந்தது ஒரு ஜோடித் தோடுதான். கடைவீதியில் பேட்டரி வண்டி போகும்போதெல்லாம் அவர் கேட்ட எருமைக் கேள்விதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதற்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவே இல்லை.