காவிரியின் திமில் மீன்

1946இல் மைசூர்ப் பக்கம் காவிரியின் துணையாறான கபினியில் டி வெட் வான் இங்கனின் தூண்டிலில் சிக்கிய மாசீர் மீனின் எடை 120 ராத்தல். ஏறக்குறைய 54 கிலோ. முதுகில் திமில் எழும்பி, துடுப்புகள் செம்மஞ்சளாகச் சுடர்விடும் இந்தக் காவிரி மீனைத் தேடி வெள்ளைக்கார அதிகாரிகள் அலையத் தொடங்கி அப்போதே பல தலைமுறை ஆகியிருந்தது. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றி 1873இலேயே புத்தகம் போட்டுவிட்டார்.

விடுதலைக்குப் பின் இந்த மீனைப் பற்றிய பேச்சு அடங்கியது. மடுக்களில் வெடி வைத்து மீனை அள்ளுவது பெருகியது.

1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த மூவர் பெரிய மாசீர்கள் இன்னும் இருப்பதைக் கண்டார்கள். பீமேசுவரி, காலிபோர் என்று கர்நாடகக் காவிரிக்கரையில் முகாம்கள் எழுந்தன. வேகவைத்த கேழ்வரகு உருண்டைதான் இரை. மாட்டிய மீனோடு பரிசலில் மல்லாடிக் கரை சேர்த்து, எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அதைத் தாங்கிப் பிடிப்பார்கள். தெம்பு வந்ததும் விட்டுவிடுவார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்துவந்த உள்ளூர்க்காரர்களே வழிகாட்டிகளாகி ஆற்றைக் காத்தார்கள். நல்ல ஏற்பாடு.

கேடு நல்லெண்ணத்தின் வழியாகத்தான் வந்தது. லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பண்ணையில் 1970களில் நீலத்துடுப்பு மாசீரைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கக் கற்றிருந்தார்கள். அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். ஆறு செழிக்கும் என்ற நம்பிக்கை.

காலிபோரில் 1998 முதல் 2012 வரை பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் கணக்கை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. மொத்த எண்ணிக்கை ஏறியிருந்தது. ஏறியதெல்லாம் வந்தேறியான நீலத்துடுப்பு மீன். திமில் மீனில் குஞ்சுகளே அரிதாகி, கிழட்டு மீன்கள் மட்டும் எப்போதாவது சிக்கின. இனம் பிரிக்காமல் கூட்டிப் பார்த்திருந்தால் ஆறு நலமாக இருக்கிறது என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். 2012 வாக்கில் காலிபோர் அடங்கிய சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது வனவிலங்குச் சட்டப்படி நின்றது. கூடவே இந்தக் கணக்கும் நின்றுபோனது பெரிய இழப்பு.

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் கிடைத்தது 2018இல்தான். நீலகிரி அடிவாரத்து மாயாற்றில் கிடைத்த மீன்களைச் சோதித்து, கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே பெயரிடப்பட்ட ‘டார் ரெமாதேவி’ இதுவே என்று நிறுவினார்கள். பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வதுதான். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் வரிசையில் அது இடம்பெற்றது.