லாஸ்பேட்டையில் இறங்கும் விமானம்

எங்கள் புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. பேட்டைக்கு அந்தப் பெயர் பிரெஞ்சு கவர்னர் லா தெ லொரிஸ்தோனால் வந்தது.

2013 ஜனவரியில் புது முனையக் கட்டடத்தோடு பெங்களூர் விமானம் வந்தது. ஓராண்டு ஓடி நின்றது. 2015-ல் வேறொரு நிறுவனம், சில மாதம்தான். பிறகு உதான் திட்டத்தில் 2017 ஆகஸ்ட் 16 அன்று ஹைதராபாத் விமானம் இறங்கியது. நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தேதி புரிந்திருக்கும்: 1962-ல் பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். கொரோனாவில் நின்று, 2022-ல் வந்து, 2024 மார்ச்சில் மறுபடி நின்று, அந்த டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். எழுபது எண்பது பேர் ஏறும் விசிறி விமானத்துக்குப் போதும்; ஏர்பஸ்ஸுக்குப் போதாது. நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டு துண்டான எல்லை இன்றும் அப்படியே. ஒரே ஆபீசில் கோப்பு மேசை விட்டு மேசை நகர எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். இது இரண்டு அரசுகளின் கோப்பு. நிலம் கொடுக்க வேண்டியவர்களின் கவலையும் நியாயமானதே.

பாரீசிலிருந்து வரும் நம் பிள்ளைகள் இன்னமும் மீனம்பாக்கத்தில் இறங்கி, மூன்று மணி நேரம் காரில் வருகிறார்கள்.