ரிச்சர்ட் பர்ட்டன்: இரவல் பெயரும் சொந்தக் குரலும்

ஆஸ்கர் விருதுக்கு 7 முறை பரிந்துரை. ஒரு முறைகூட விருது இல்லை. ரிச்சர்ட் பர்ட்டன் என்ற நடிகரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குவார்கள். அடுத்து எலிசபெத் டெய்லரை அவர் இரண்டு முறை மணந்து இரண்டு முறை விவாகரத்து செய்த கதை வரும். ஆனால் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான பகுதி ஹாலிவுட்டில் நடக்கவில்லை. அது வேல்ஸ் நாட்டின் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டில் தொடங்கியது.

பிறப்பும் வளர்ப்பும்

1925 நவம்பர் 10 அன்று தெற்கு வேல்ஸில் உள்ள பொன்ட்ரிடிவென் என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ். 13 பிள்ளைகளில் 12ஆவது பிள்ளை. தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், குடிப்பழக்கம் உள்ளவர். 1927 அக்டோபரில், கடைசிக் குழந்தை பிறந்த சில நாட்களில், தாய் இறந்துவிட்டார். அப்போது ரிச்சர்டுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

மணமாகியிருந்த மூத்த அக்கா சிஸ், அருகிலுள்ள போர்ட் டால்பட் நகரின் டைபாக் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்று வளர்த்தார். வீட்டில் பேசிய மொழி வெல்ஷ். பின்னாளில் உலகமே வியந்து கேட்ட அந்த ஆங்கிலம் அவருடைய தாய்மொழி அல்ல.

குடும்பத்தில் பணம் போதவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. கூட்டுறவுக் கடை ஒன்றில் துணிப் பிரிவில் விற்பனைப் பையனாக வேலை பார்த்தார். பெரும்பாலானவர்களின் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

ஓர் ஆசிரியர்

மாணவனை மறுபடி பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆசிரியர் பிலிப் பர்ட்டன். நாடகத்தில் பெரும் ஆர்வம் உள்ளவர், வானொலிக்கும் எழுதியவர். ரிச்சர்டைத் தான் தங்கியிருந்த வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். மலைமேல் நிற்கவைத்து ஷேக்ஸ்பியர் வசனங்களைப் பேசச் சொல்வார். பேசப் பேசத் தான் தூரமாக விலகிப் போய்க்கொண்டே இருப்பார். கத்தக் கூடாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். பர்ட்டனின் புகழ்பெற்ற குரல் பிறவியிலேயே முழுதாக வந்துவிடவில்லை. அது இப்படி உழைத்துப் பெற்றது.

பையனை முறைப்படி தத்தெடுக்க ஆசிரியர் விரும்பினார். தத்தெடுப்பவர் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். 20 நாட்கள் குறைந்தன! எனவே 1943இல் சட்டப்படி பாதுகாவலர் ஆனார். ஜென்கின்ஸ் பர்ட்டன் ஆனார். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் வேறொருவர் பெயரை ஏற்றுக்கொண்டார். 1957இல் தந்தை இறந்தபோது பர்ட்டன் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை.

மேடையில்

வேல்ஸ்காரரான எம்லின் வில்லியம்ஸின் நாடகம் ஒன்றில் 1943இல் முதன்முதலாக மேடையேறினார். போர்க்காலத்தில் விமானப்படைப் பயிற்சி மாணவராக 6 மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1951இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இளவரசர் ஹாலாக நடித்ததும் விமர்சகர்களின் கண் அவர்மீது விழுந்தது. 1953இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஹாம்லெட். ஒரு நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தன்னோடு சேர்ந்தே வசனங்களை முணுமுணுத்தார் என்று பர்ட்டன் பிற்காலத்தில் சொல்லிவந்தார். 1954 ஜனவரியில் டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' நாடகத்தை பிபிசி வானொலி ஒலிபரப்பியபோது கதைசொல்லியின் குரல் அவருடையது. அந்தப் பதிவை இன்றும் கேட்கிறார்கள்.

1964இல் நியூயார்க்கில் மீண்டும் ஹாம்லெட். இயக்கம் ஜான் கீல்குட். ஒத்திகை உடையிலேயே நடிப்பது என்ற புதுமையோடு 137 காட்சிகள் ஓடி, பிராட்வேயில் அந்த நாடகத்தின் பழைய சாதனையை முறியடித்தது.

திரையில்

சினிமாஸ்கோப்பின் முதல் படமான 'தி ரோப்' 1953இல் அவரை உலகறியச் செய்தது. 1963இல் வெளிவந்த 'கிளியோபாட்ரா' படப்பிடிப்பில் எலிசபெத் டெய்லருடன் காதல் ஏற்பட்டது. அதன்பின் பத்திரிகைக்காரர்கள் அவரை விடவில்லை. ஆனால் அவருடைய சிறந்த படங்கள் அந்தப் பரபரப்புக்கு நடுவில்தான் வந்தன: 'பெக்கெட்' (1964), 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1965), 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்' (1966). கடைசிப் படத்துக்காக டெய்லர் ஆஸ்கர் வாங்கினார். பர்ட்டனுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு சரிவு. குடி அதிகமானது. பணத்துக்காக ஒப்புக்கொண்ட படங்கள் பல. 1974இல் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் நிலை வந்தது. இருந்தும் 1976இல் 'ஈக்வஸ்' நாடகத்தில் மேடைக்குத் திரும்பி, அதன் திரைவடிவத்துக்காக 7ஆவது பரிந்துரையைப் பெற்றார். 1984 ஆகஸ்ட் 5 அன்று மூளை ரத்தக்கசிவால் சுவிட்சர்லாந்தில் இறந்தபோது வயது 58. ஆர்வெல்லின் '1984' நாவலைத் தழுவிய அவருடைய கடைசித் திரைப்படம் அதன்பின்தான் வெளிவந்தது.

திறமையை வீணடித்தாரா?

ஓல்ட் விக்கில் அவரைப் பார்த்த பலருடைய வருத்தம் இதுதான்: பெரிய மேடை நடிகராக வந்திருக்க வேண்டியவர் ஹாலிவுட்டுக்கு விலைபோய்விட்டார். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு சுரங்கத் தொழிலாளியின் 12ஆவது பிள்ளைக்குப் பணம் என்பது எளிதாக உதறக்கூடிய விஷயம் அல்ல. தன் உடன்பிறந்தவர்களுக்கு அவர் தாராளமாக உதவினார். 2012இல் நூலாக வந்த அவருடைய நாட்குறிப்புகளில் ஓயாமல் புத்தகம் படிக்கும், தன்னைத்தானே கடுமையாக எடைபோடும் ஒரு மனிதரைப் பார்க்கிறோம். மற்றவர்கள் சொன்ன குறை எதுவும் அவருக்குத் தெரியாதது அல்ல.

வேல்ஸின் தேசிய நிறமான சிவப்பு உடையில், டிலன் தாமஸின் கவிதைத் தொகுப்போடு அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் இருப்பது ஆசிரியர் கொடுத்த பெயர். விருது வராமல் போனாலும், மலைமேல் நின்று ஒரு பையன் பழகிய குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.