ஜுமூத்: உறைந்த உடலின் வரலாறு

சின்ன வயதில் எங்கள் சொந்தக்காரப் பெண்ணொருவர் மூன்று நாள் ஒரே இருப்பில் இருந்ததைக் கண்டிருக்கிறேன். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதிலில்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது. "ஜின் புடிச்சிரிக்கி" என்றார்கள். தண்ணி ஓதிக் குடுத்தார்கள். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரி. சுகமாகி வந்தவர் உம்மாவிடம் சொன்னார்: "நீங்க கதச்சதெல்லாம் எனக்குக் கேட்டிச்சி ராத்தா. வாய்தான் வரல்ல."

இந்த நோயைப் பற்றி நம்மவர்கள் என்ன எழுதினார்கள் என்று பின்னாளில் தேடினேன். இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில், தலையின் நோய்களுக்குள் 'ஜுமூத்' என்பதைச் சேர்த்திருக்கிறார். உறைதல் என்பது பொருள். நோய் பிடித்த வேளையில் எப்படி இருந்தாரோ அப்படியே நோயாளி நின்றுவிடுவார். கிரேக்க வைத்தியர் கேலன் காலத்திலிருந்து வந்த அறிவு அது.

அதே பாகத்தில் மனச்சோர்வு நோயைப் பற்றிப் பேசும்போது, அது ஜின்னால் வருவதாகச் சில வைத்தியர்கள் கருதுவதை அவர் குறிப்பிடுகிறார். வைத்தியம் கற்கும் நமக்கு அந்தக் கேள்வி முக்கியமில்லை என்கிறார். ஜின்னாலேயே வந்தாலும் உடலில் ஏற்பட்ட கோளாறுதான் கிட்டிய காரணம். வைத்தியன் பார்க்க வேண்டியது அதைத்தான். ஜின் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் அவர் அங்கே போகவில்லை. நம்பிக்கையைச் சாட்டி மருந்தைத் தள்ளிப்போடவும் இல்லை.

ஐரோப்பாவில் 1874இல் ஜேர்மன் வைத்தியர் கார்ல் கால்பௌம் இந்நிலைக்குக் 'கற்றடோனியா' என்று பெயரிட்டுத் தனிநூல் எழுதினார். அவருக்குப் பின் வந்த கிரெப்பலின் இதை இன்று ஸ்கிசோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோயின் ஒரு வகையாக்கினார். அந்தக் கருத்து பல தசாப்தங்கள் நிலைத்தது. உண்மையில் கடும் மனச்சோர்விலும், தொற்றுகளிலும், மூளை அழற்சியிலும் இந்நிலை வரலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி 2007இல் அடையாளம் காணப்பட்டது. அதிலும் உடல் இப்படி உறைவதுண்டு. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல், கற்றடோனியா பல நோய்களோடு வரக்கூடியது என ஏற்றுக்கொண்டது.

இன்று லொராசெபாம் என்ற மருந்துக்குப் பலர் விரைவாகவே தேறுகிறார்கள். அது கைகொடுக்காதபோது மின்னதிர்வுச் சிகிச்சை இருக்கிறது. தாமதித்தால்தான் ஆபத்து: தண்ணீர், ஆகாரம் இறங்காது, அசையாத காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறும்.

ஓதுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஓதலாம். ஆனால் அப்படிக் கிடப்பவர் பக்கத்தில் இருந்துகொண்டு "இவ இனித் தேறமாட்டா" என்று மட்டும் கதைக்க வேண்டாம். அவருக்குக் கேட்கும்.