ஆணி அடிக்காத செருப்பு

வேலூர்னு சொன்னா கோட்டை, 1806 சிப்பாய்க் கலகம், ஜெயில், சி.எம்.சி. ஆம்பூர்னு சொன்னா பிரியாணி. நம்ம மக்களுக்கு இவ்வளவுதான் ஞாபகம் வரும். மிஞ்சிப்போனா வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாத்தங்கரை நெடுக தோல் தொழிற்சாலைகள் இருக்கறது தெரியும். ரயில்ல போகும்போது மூக்கைப் பொத்தின அனுபவம் இருக்கும். ஆனா இந்தப் பக்கத்துச் செருப்புக்குன்னு தனியா ஒரு சரித்திரம் இருக்கு. குடியாத்தத்துல பிறந்து வளர்ந்த எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஆம்பூர்க்காரி ஒருத்தி. வேற யாரு, நம்ம தங்கமணிதான்.

அம்மணியைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லேன்னா மேல படிக்கறது புரியாது. படிச்சது காலணித் தொழில்நுட்பம், வேலை ஷூ கம்பெனியில. கல்யாண வீட்டுக்குப் போனா மத்த பொம்பளைங்க நகையைப் பார்ப்பாங்க. இவ வாசல்ல கழட்டிவிட்ட செருப்பைப் பார்ப்பா. எது எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, யாரு காலைச் சாய்ச்சு வெச்சு நடக்கறாங்க, எது நிஜத் தோல், எது ரெக்சின்னு ஒரு ஆராய்ச்சி நடக்கும். பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே என் ஷூவைப் பார்த்துட்டு, "வலது குதிகால் வெளிப்பக்கம் ரொம்பத் தேயுதுங்க"ன்னு சொன்னவ. ஆபீஸ்ல நாள் முழுக்க ஆணி புடுங்கற எனக்கு, நிஜமாவே ஆணியைப் பத்திப் பேசற ஒருத்தி கிடைச்சது யோகம்தான் :-)

அவளுக்குத் தோலைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் எழுத ஒரு பதிவு பத்தாது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தின தோலை 'ஈஸ்ட் இந்தியா லெதர்'னு வெள்ளைக்காரன் மெட்ராஸ்லேர்ந்து லண்டனுக்கு ஏத்தினது, 1970-களில் அரசாங்கம் பாதி பதப்படுத்தின தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதால இங்கேயே ஷூ தைக்க ஆரம்பிச்சது, குரோமியம் வந்து பாலாறும் கிணறும் கெட்டுப் போனது, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது எல்லாம் வரிசையா வரும். கடைசிச் சங்கதியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிடும். இந்தத் தொழில்தான் அவங்க வீட்டுக்குச் சோறு போட்டது, அந்தத் தண்ணியைத்தான் அவங்க தெருவே குடிச்சது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவளோட ஹீரோ சினிமாக்காரர் இல்லை. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர்.

பால் பிராண்ட் 1914-ல் நம்ம கொல்லிமலையில பிறந்தவர். அப்பா அம்மா மிஷனரிங்க. சின்ன வயசுலயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிட்டாங்க. டாக்டருக்குப் படிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் கட்டட வேலை கத்துக்கிட்டவர். தச்சு வேலை, கொத்து வேலை எல்லாம் கைவந்த ஆசாமி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி உதவும். லண்டன்ல கூடப் படிச்ச மார்கரெட்டை 1943-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1946-ல் இவர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மறு வருஷம் ரெண்டு சின்னக் குழந்தைகளோட மார்கரெட் வந்து சேர்ந்தாங்க.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்ட் போனார். கூட்டிப் போனவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். அங்க ஒரு இளைஞன் தரையில உட்கார்ந்து செருப்பைக் கழட்டப் பார்க்கறான். விரலெல்லாம் மடங்கிப் போயிருக்கு, வார் பிடிபடலை. பிராண்ட் தன் கையை அவன் கைக்குள்ள குடுத்து, "அழுத்து"ன்னு சொன்னார். அவன் அழுத்தின அழுத்துல இவருக்கு உயிர் போச்சு! செத்துப்போன கைன்னு உலகமே நினைச்ச கையில இவ்வளவு பலமான்னு அங்கதான் பொறி தட்டிச்சு. நல்லா வேலை செய்யற தசையோட நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாத்திக் கட்டினா? 1948-லேர்ந்து வேலூர்ல அந்த ஆபரேஷன்களைச் செய்ய ஆரம்பிச்சார். தொழுநோயாளிங்களைப் பொது ஆஸ்பத்திரிகள் வாசப்படி ஏத்தாத காலம் அது.

கை சரியாச்சு. ஆனா புண் நிக்கலை. ஆபரேஷன் முடிஞ்சு போனவங்க புதுசு புதுசா காயத்தோட திரும்பி வந்தாங்க. தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விழும்னுதான் அப்ப டாக்டர்களே நம்பினாங்க. பிராண்ட் நம்பலை. துப்பறியும் சாம்பு மாதிரி (ஆனா உருப்படியா) ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒரு நாள் ஸ்டோர் ரூம் பூட்டு துருப்பிடிச்சுத் திறக்க வரலை. ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துட்டான். கீழ பார்த்தா ரத்தம். சாவி விரலை எலும்பு வரைக்கும் கிழிச்சிருக்கு, பையனுக்கு எதுவும் தெரியலை. இன்னும் சிலருக்குத் தூங்கி எழுந்தா விரல்ல சதை காணோம். ராத்திரி எலி கடிச்சிருக்கு! அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளி கையில ஒரு பூனையையும் குடுத்து அனுப்பினாங்களாம். நான் படிச்ச மருத்துவ வரலாறுலயே எனக்குப் பிடிச்ச மருந்துச் சீட்டு இதுதான்.

ஆகமொத்தம், நோய் சதையைத் தின்னலை. நரம்பைச் சாகடிச்சு வலியை எடுத்துட்டுப் போயிடுச்சு. வலி இல்லாததால மனுஷன் தன்னைத்தானே அழிச்சுக்கறான். எனக்கு இதைப் படிச்சதும் சர்வர் ஞாபகம்தான் வந்துச்சு. அலாரம் அடிக்காத சர்வர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லையே.

இப்பதான் செருப்பு உள்ள வருது. கையைவிடப் பெரிய தலைவலி கால். நமக்கெல்லாம் நடக்க நடக்க ஒரு இடத்துல வலிச்சா, நம்மை அறியாம நடையை மாத்திக்கறோம். வலி தெரியாதவன் அதே எலும்பு மேலயே ஆயிரக்கணக்கான தடவை மிதிப்பான். உள்ள சதை நசுங்கும், கொப்புளம், புண், கடைசியில கால் எடுக்கற நிலைமை. புண்ணு ஆறறதுக்கு மாவுக்கட்டு போட்டாங்க. 1930-களிலேயே இலங்கையில மில்ராய் பால் செஞ்ச வைத்தியம் இது. எடை கால் முழுக்கப் பரவிடும், புண் ஆறும். ஆனா வாழ்நாள் முழுக்க மாவுக்கட்டோட நடக்க முடியுமா?

கொத்து வேலை, தச்சு வேலை கத்துக்கிட்ட மூளை அங்க வேலை செஞ்சுது. மரக்கட்டையில செருப்பு, மெழுகுல அச்சு, பிளாஸ்டிக்னு ஒண்ணொண்ணா பார்த்தாங்க. பிவிசி கலக்கக் கத்துக்க டாக்டர் கல்கத்தா வரைக்கும் போனார்னா பார்த்துக்குங்க. கடைசியில கைகொடுத்தது மைக்ரோசெல்லுலார் ரப்பர். உள்ள பூராவும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காத்துக் குமிழ். மிதிச்சா சதை மாதிரி அமுங்கி, எடையைப் பரப்பிடும். கீழ முள்ளு ஏறாத மாதிரி கெட்டி அடிப்பாகம், மேல வார், குதிகாலுக்குப் பின்னாடி ஒரு பட்டை. தொழுநோய்க்குன்னே 1955-ல் காட்பாடி பக்கம் கரிகிரியில வந்த ஆராய்ச்சி மருத்துவமனையிலயும் கால் பாதுகாப்பு ஒரு பெரிய வேலையா வளர்ந்துச்சு.

இந்தச் செருப்புக்கு ஒரு கட்டளை உண்டு: ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டலாம், தைக்கலாம். சோல் தேஞ்சு ஆணி மேல கிளம்பினா நமக்குச் சுருக்குன்னு தெரியும், அவங்களுக்குத் தெரியாது. சுத்திலும் தோல் ஊறிக்கிட்டிருக்கற ஊர்ல, பதில் ரப்பர்ல கிடைச்சதுங்கறதை தங்கமணி சொல்லும்போது அவ முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, தோல் கட்சிக்காரி தோத்துட்டு ரசிக்கற மாதிரி.

நானும் இதையெல்லாம் 'அம்மணியோட பொழுதுபோக்கு'ன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். எங்க அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி ஊருக்குப் போனப்போ, வாசல்ல கிடந்த அப்பா செருப்பை வழக்கம்போல கையில எடுத்துப் புரட்டினா. உள்ள கைவிட்டவ சட்டுனு விரலை இழுத்துக்கிட்டா. தெருமுனையில தெச்சு வாங்கின செருப்பு, ஒரு ஆணி அரை நெல்லு அளவு மேல வந்திருக்கு. "மாமா, காலைக் காட்டுங்க"ன்னா. அப்பா கூச்சப்பட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ங்கறார். பெருவிரலுக்குக் கீழ மிளகு அளவுக்குக் கறுப்பா ஒரு புள்ளி, சுத்தி ஈரம். எத்தனை நாளா நடந்தாரோ, மனுஷனுக்கு வலியே இல்லை. அன்னிக்கே டாக்டர்கிட்ட போனோம். ஆறு வாரம் ஆச்சு ஆற. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்.

அதுக்கப்புறம் அப்பாவுக்கு எம்.சி.ஆர் செருப்பு. எம்.சி.ஆர்னா அதேதான், மைக்ரோசெல்லுலார் ரப்பர். இன்னைக்கு சர்க்கரைக்காரங்க போட்டுக்கற இந்த வகைச் செருப்புக்குப் பின்னாடி இருக்கறது, ஊர் ஒதுக்கி வெச்ச மனுஷங்களுக்காக வேலூர்ல செஞ்ச வேலை. அப்பா முதல்ல போட மாட்டேன்னார். "அந்த ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்கே, பார்க்கறவன் என்ன நினைப்பான்"ன்னார். இதுவும் பழைய பிரச்சினைதான். செருப்பைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நோயாளிங்க காலைக் காப்பாத்தற செருப்பையே ஒதுக்கியிருக்காங்க. தங்கமணி விவாதம் பண்ணலை. அதே ரப்பரை வெச்சு, மேல நல்ல பழுப்புத் தோல்ல வார் தெச்சுக் கொண்டுவந்து குடுத்தா. இப்ப அப்பா அதைக் கல்யாணத்துக்கே போட்டுக்கிட்டுப் போறார்.

பிராண்ட் கதையில எனக்குப் பிடிச்ச ஆள் மார்கரெட். வேலூர்ல கண் டிபார்ட்மென்ட்ல ஆள் வேணும்னு கேட்டப்போ, அவங்களுக்குக் கண்ணைப் பத்திப் பெரிசா எதுவும் தெரியாது. வேலை செஞ்சே கத்துக்கிட்டாங்க, கிராமம் கிராமமா கண் முகாம் போனாங்க. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையிலயும் தொழுநோய், வலி, நரம்புன்னே பேசியிருப்பார்னு நினைக்கறேன். அந்தம்மா கண்ணுக்குள்ள அதையே தேடினாங்க. தொழுநோயாளிங்களுக்குப் பார்வை போறதுக்கு ஒரு முக்கியக் காரணம், கருவிழியில உணர்ச்சி போய், இமைக்கறதே நின்னுடுது. கண் காய்ஞ்சு, தூசி விழுந்து புண்ணாகும். கைக்கும் காலுக்கும் ஆன அதே கதை! மெல்லற தசையில ஒரு பகுதியை இமைக்கு இழுத்துக் கட்டினா, வாயை அசைக்கும்போதெல்லாம் கண் மூடும். பிராண்டோட நாண் மாத்தற வித்தையும் மார்கரெட்டோட கண்ணும் அந்த ஆபரேஷன்ல ஒண்ணு சேர்ந்துச்சு. ஒருத்தர் பைத்தியத்தை இன்னொருத்தர் பொறுத்துக்கலை, பங்கு போட்டுக்கிட்டாங்க.

1966-ல் ரெண்டு பேரும் அமெரிக்காவுல லூசியானா மாநிலம் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனாங்க. அங்க பிராண்ட் இயந்திர வலி ஒண்ணு செஞ்சு பார்த்தார். கையில, கால்ல சென்சார் வெச்சு, அழுத்தம் அதிகமானா சத்தம் போடற ஏற்பாடு. தோல்வி. ஏன்னா, ஒரு வேலையைச் செஞ்சே ஆகணும்னா நோயாளி சத்தத்தைக் கண்டுக்காம, இல்லேன்னா சுவிட்சை அணைச்சுட்டு செஞ்சான். நிஜ வலியை அப்படி அணைக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணி அலர்ட்டை அமுக்கிட்டுத் தூங்கற என் ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க. வலி ஒரு வரம்னு கடைசிவரைக்கும் எழுதியும் பேசியும் வந்த பிராண்ட் 2003-ல் காலமானார்.

தொழுநோய்க்கு 1980-களிலேயே நல்ல கூட்டு மருந்து வந்துடுச்சு. 2005 முடிவுல பொது சுகாதாரப் பிரச்சினைங்கற நிலையைத் தாண்டிட்டோம்னு இந்தியா அறிவிச்சுது. ஆனா உணர்ச்சி போன கால்கள் குறையலை, சர்க்கரை அந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. அதனால ஒரு வேண்டுகோள். வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா, இன்னிக்கு ராத்திரி அவங்க செருப்புக்குள்ள கையை விட்டுப் பாருங்க. அப்படியே அவங்க காலையும் திருப்பிப் பாருங்க. வலிக்குதான்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க. வலிக்கலைன்னு சொன்னா இன்னும் நல்லா பாருங்க.