தோகையும் துக்கியும்

ஒரு மொழியின் பழமையை அதன் இலக்கியங்கள் மட்டுமே உரைப்பதில்லை. பிறமொழி நூல்களில் புகுந்து வாழும் சொற்களும் உரைக்கும். அவ்வாறு கடல் கடந்ததாகக் கருதப்படும் சொற்களுள் ‘தோகை’ தலையாயது.

சாலொமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றுடன் ‘துக்கியீம்’ என்பனவற்றையும் கொணர்ந்தன என எபிரேய வேதத்தின் முதலாம் இராஜாக்கள் நூல் (10:22) கூறுகின்றது. ‘ஈம்’ என்பது பன்மை விகுதி. அதனை நீக்கினால் எஞ்சுவது ‘துக்கி’. இது தமிழ்த் ‘தோகை’யே என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) எழுதினார். சங்கப் பாடல்களிலும் தோகை என்னும் சொல் மயிலையே குறிக்கக் காண்கிறோம்.

துக்கியீம் பறவைதான் என்பதற்குச் சான்று யாது? எபிரேயம் பேச்சு வழக்கு குன்றிய காலத்தில் யூத மக்கள் அரமேய மொழியில் வேதத்தைப் பெயர்த்தனர். ‘தர்கூம்’ எனப்படும் அப்பெயர்ப்பு இவ்விடத்தில் ‘தவ்வாசீன்’ என்று கூறும். அஃது ஐயத்திற்கிடமின்றி மயிலைக் குறிக்கும் சொல்; கிரேக்கத்தின் ‘தஓஸ்’, அரபியின் ‘தாவூஸ்’ ஆகியவற்றுக்கு உறவானது. இலத்தீனில் பெயர்த்த எரோனிமுசும் மயில் என்றே கொண்டார். தமிழ் வேதாகமமும் ‘மயில்கள்’ என்கின்றது. தமிழிலிருந்து சென்றதாகக் கருதப்படும் சொல், தமிழுக்குத் திரும்புகையில் வேறு பெயர் பூண்டு வந்தமை வியப்பே!

எனினும் மறுப்பும் உண்டு. தர்கூம் எழுந்தது சாலொமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டு. பழைய கிரேக்கப் பெயர்ப்பின் முதன்மையான ஏடொன்றில் இவ்விடத்தில் மயிலே இல்லை. செதுக்கிய கற்களே பேசப்படுகின்றன. அமெரிக்க அறிஞர் ஆல்பிரைட்டு, துக்கியை எகிப்திய மொழியில் குரங்கு வகையைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டார். இன்றைய எபிரேயத்திலோ ‘துக்கி’ என்றால் கிளி. மயிலுக்கு அரமேயம் வழி வந்த ‘தவாஸ்’ என்பதே பெயர். ஆகவே அரமேயச் சொல் பழைய உரையாளர் கொண்ட பொருளைக் காட்டுமேயன்றித் துக்கியின் பிறப்பை நிறுவாது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு மயில் புதிதன்று. பால்மரக் காடுகளிடையே எழுந்த முருகன் கோயில்களில் அது வேலவன் ஊர்தி. காவடிகளில் அதன் பீலி அசைந்தது. அம்மக்களின் பிள்ளைகள் தம் மொழி அரசர் அவைவரை சென்ற மொழி என்று கேட்கும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பே. கூலிகளின் மொழி என்று இகழப்பட்ட மொழிக்கு அந்நிமிர்வு வேண்டியதுமாகும்.

ஆயினும் பெருமிதம் உண்மையின் மீது நிற்றல் வேண்டும். ‘தோகையே துக்கி’ என்று அறுதியிட்டுரைத்தால், மறுப்பைப் பின்னர் அறியும் மாணவன் கற்பித்த அனைத்தையுமே ஐயுறுவான். ‘தோகையாதல் கூடும், அறிஞர் பலர் அவ்வாறு கருதினர், முடிவு இன்னும் எட்டப்படவில்லை’ என்று கூறின், அவனே ஆராயத் தலைப்படுவான். தமிழின் தொன்மைக்குச் சங்க நூல்களும் கல்வெட்டுகளும் உறுதியான சான்றுகளாய் நிற்கின்றன. ஐயத்திற்குரிய ஒரு சொல்லைத் தூணாக நாட்டித் தாங்க வேண்டிய நிலையில் தமிழ் இல்லை.