வதிவிட அனுமதியும் பிரிந்த குடும்பங்களும்

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட்டுக் கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர், எல்லையைக் கடக்க எந்த அனுமதிச் சீட்டையும் கேட்டு நின்றாரில்லை. அன்று ஒருபுறம் ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். மறுபுறம் மைசூர் மன்னரின் அரசு. இரண்டு அரசுகள் இருந்தும், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண் கைக்குழந்தையுடன் சுரங்க லைன் வீட்டிற்குத் திரும்பி வருகையில், "நீ எந்நாட்டவள்? இக் குழந்தை எந்நாட்டது?" என்று வினவுவார் எவருமிலர். சுரங்கத்திற்குள் கம்பெனியார் விதித்த கட்டுப்பாடுகள் வேறு கதை. 1930-ஆம் ஆண்டில் கைரேகைப் பதிவை எதிர்த்து நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

அதே காலத்தில், அதே வறட்சிக்கும் கடனுக்கும் அஞ்சி, திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்றோர் பல்லாயிரவர். அங்கும் கங்காணி, இங்கும் மேஸ்திரி. அங்கும் லயம், இங்கும் லைன். நம் பாட்டனார் மேற்கே ரயிலேறினார். அவர்கள் தெற்கே கப்பலேறினார்கள். அவ்வளவே வேறுபாடு. ஆயினும் அவ் வேறுபாடு எத்துணைப் பெரிதாயிற்று என்பதை 1948-ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. சில மாதங்களில் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டமும், 20-ஆம் எண் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் பிறந்தன. முன்னதன்படி பிறப்புரிமை தந்தை வழியே பார்க்கப்பட்டது. பின்னதன்படி குடிமகனல்லாதார் எவரும் விசாவோ, தற்காலிக வதிவிட அனுமதியோ இன்றி அங்கே தங்குதல் இயலாதாயிற்று. தலைமன்னார்த் துறையை ஊரின் அடுத்த தெருவாக எண்ணிப் போய்வந்த மக்கள், மனைவியை அழைத்துக்கொள்ளவும் விண்ணப்பம் எழுத வேண்டியவராயினர். கொழும்புக் கடைத்தெருவின் வணிகரும் கடைச் சிப்பந்திகளும் "டி. ஆர். பி." என்ற மூன்றெழுத்தை நன்கறிவர், அது புதுப்பிக்கப்படுமா என்பதே அவர்தம் கவலை.

1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் மிகக் குறுகிய வாயில். 1946 ஜனவரி 1-ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்திற்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. அதுமட்டுமன்று, விண்ணப்பிப்பவர் தகுதியுடையவராயினும், அவர் மனைவியும் இளம்பிள்ளைகளும் இடைவிடாது வாழ்ந்திருப்பதைக் காட்டவேண்டும். இங்கேதான் சட்டம் நம் வழக்கத்தோடு மோதிற்று. மாமன் மகளை மணந்து ஊரிலிருந்து அழைத்து வருவதும், பேற்றுக்குத் தாய்வீடு அனுப்புவதும், மழை பொய்த்த காலத்தில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவைப்பதும் தமிழர் குடும்பம் நடக்கும் முறை. அம் முறையே குற்றமாகிக் குடியுரிமையைப் பறிக்கும் சான்றாயிற்று. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தும், பதிவு பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

தோணியேறி வந்து மனைவி மக்களோடு சேர்ந்தவனுக்கு "கள்ளத்தோணி" என்ற வசைப்பெயரும் கிடைத்தது. இச் சொல்லைப் பின்னர்ச் சட்டப்படி வந்தோர்மீதும் வீசினர் என்பது நாம் மறத்தற்கரியது.

1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தம் பயன்தரவில்லை. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். அவர்களையும் 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டனர். மனிதரைக் களத்து நெல்போல் அளந்தனர் என்பது கடுஞ்சொல்லெனின், வேறு சொல் நமக்குக் கிட்டவில்லை. அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி, இந்தியா செல்ல வேண்டியவர்கள் புறப்படும் நாள்வரை கட்டணமின்றி விசா பெற்று, 55 வயது வரை வேலையில் நீடிக்கலாம் என்றது. இரக்கமுள்ள விதியே. எனினும் ஒரே லயத்தில், அண்ணன் இலங்கைக் குடிமகனாயும் தம்பி விசாவில் தங்கியிருக்கும் இந்தியனாயும் வாழும் நிலைமையை அது உண்டாக்கிற்று. தங்கையை எவர்க்கு மணமுடிப்பது என்பதற்கும் கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்திற்கு வந்தது. மண்டபம் முகாமில் இறங்கியவரிற் சிலர் நம் மாநிலத்திற்கே வந்தனர். தென் கன்னடத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் அவர்தம் வழிமரபினர் இன்றும் வாழ்கின்றனர். உள்நாட்டுக் கலவரத்தால் 1984-இல் அக் கப்பலும் நின்றது. ஊர் திரும்பாமல் காத்திருந்தோர் அங்கேயே தங்கினர். 1988-ஆம் ஆண்டு 39-ஆம் எண் சட்டமும், 2003-ஆம் ஆண்டு 35-ஆம் எண் சட்டமும் நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை அளித்தன. தாய் வழியாகவும் குழந்தை குடியுரிமை பெறலாம் என்று இலங்கைச் சட்டம் திருந்தியதும் அந்த 2003-இல்தான். 55 ஆண்டுகள்!

இலங்கையை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நம் இந்தியக் குடியுரிமைச் சட்டமும் 1955-இல் எழுதப்பட்டபோது, குடிமகனை மணந்த பெண்ணைப் பதிவுசெய்யலாம் என்றதே தவிர, குடிமகளை மணந்த ஆணைப் பற்றிப் பேசவில்லை. 1986-இல்தான் இருபாலாரையும் சேர்த்தது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழி உரிமை 1992-இல் வந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டபின், நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் அதற்கப்பாலும் வேலை தேடிப் பரவி, அயல்நாட்டினரை மணப்பதும் நிகழ்கின்றமையால், இவ் விதிகளை நம் வீட்டார் அறிந்திருத்தல் நன்று. அயல்நாட்டு வாழ்க்கைத் துணைவர் விசாவில் வந்து தங்கலாம். பதிவுசெய்த மணம் ஈராண்டு நிலைத்தபின் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முழுக் குடியுரிமைக்கு 7 ஆண்டு வதிவு வேண்டும். திருமணப் பதிவுச் சான்றை முதல் வாரத்திலேயே பெற்று வைத்துக்கொள்க.